கறுப்புப் பறவையில் இறகைக் கொண்டுவருவது: பறவைப் படங்களில் நிழலை மீட்டெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானைப் படமெடுத்துக் கணினியில் திறந்தால், பெரும்பாலும் தெரிவது கறுப்பு அட்டையில் வெட்டி ஒட்டிய ஓர் உருவம்தான். கண் எங்கே என்றே தேட வேண்டியிருக்கும். அடுத்து பலரும் செய்வது எடிட்டிங் மென்பொருளில் நிழல்களை ஏற்றும் ஷேடோஸ் ஸ்லைடரைப் பிடித்து வலது கோடிக்கு இழுப்பது. இறகு தெரிய ஆரம்பிக்கும், உண்மைதான். ஆனால் கரிச்சான் சாம்பல் பூசிக்கொண்டு நிற்கும், வயிற்றுப் பக்கம் ஊதாவும் பச்சையுமாகப் புள்ளிகள் கிளம்பும், உடலைச் சுற்றி வானத்தில் ஒரு வெள்ளை விளிம்பு ஓடும்.

கறுப்புப் பறவை கறுப்பாகவே இருக்க வேண்டும். அந்தக் கறுப்புக்குள் இறகு தெரிய வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு நோக்கத்துக்காகத்தான். கரிச்சான், ஆண் குயில், அண்டங்காக்கை, சின்ன நீர்க்காகம், ஆண் கருஞ்சிட்டு, செம்போத்தின் தலை என்று எல்லாவற்றுக்கும் இந்த முறை பொருந்தும். பலரிடமும் இருப்பது அடோபியின் லைட்ரூம் கிளாசிக் மென்பொருள் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். காசு செலவழிக்க விரும்பாதவர்களுக்கு டார்க்டேபிள் வழி பின்னால் வருகிறது.

நிழலுக்குள் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது

சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் பதிவு செய்கிறது. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு 14 பிட் என்றால், அதில் மொத்தம் 16,384 வெளிச்சப் படிகள். அதில் பாதி, அதாவது 8,192 படிகள், மிக வெளிச்சமான ஒரே ஒரு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) போய்விடும். அடுத்த ஸ்டாப்புக்கு 4,096. இப்படியே பாதி பாதியாகக் குறைந்து எட்டாவது ஸ்டாப்புக்கு வரும்போது மிஞ்சுவது 64 படிகள்தான். கரிச்சானின் வயிறு உட்கார்ந்திருப்பது அநேகமாக அந்த இடத்தில்.

படிகளைவிடப் பெரிய தொல்லை ஒளியின் இயல்பிலேயே இருக்கிறது. ஒரு பிக்சலில் 10,000 ஃபோட்டான்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 100; அதாவது ஒரு சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. 100 ஃபோட்டான்கள் மட்டும் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்து சதவீதம். நிழலை ஏற்றும்போது இந்தப் பத்து சதவீதத்தையும் சேர்த்துத்தான் ஏற்றுகிறோம். நாய்ஸ் என்று நாம் திட்டும் அந்தப் புள்ளிகளில் பெரும்பங்கு இதுதான். விலை உயர்ந்த கேமராவிலும் இது இருக்கும்.

ஜேபெக் கோப்பு என்றால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். போதாக்குறைக்குப் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கியிருப்பார்கள். ஒரு ஸ்டாப்புக்கு மேல் ஏற்றினால் அந்தக் கட்டங்கள் இறகின்மேல் வரிசையாகத் தெரியும். கறுப்புப் பறவையை ஜேபெக்கில் மட்டும் எடுப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான்: இன்றைக்கே ரா கோப்புக்கு மாறிவிடுங்கள்.

பாதி வேலை களத்திலேயே

வெளுத்த வானத்தின் முன்னே கறுப்புப் பறவை இருந்தால், கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் வானத்தை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். அதனால் பறவை மூன்று ஸ்டாப் கீழே போய்விடும். மீட்டரின் கணக்கைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1.3 முதல் +2 வரை வையுங்கள். மேகமூட்டமான வானம் வெளுத்துப்போனால் போகட்டும். அங்கே காப்பாற்ற ஒன்றும் இல்லை. நீல வானம் என்றால் கொஞ்சம் கஞ்சத்தனம் வேண்டும், +1க்கு மேல் போக வேண்டாம். பறவையே படச்சட்டம் முழுக்க நிறைந்திருந்தால் கதை தலைகீழ்: மீட்டர் கறுப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும். அப்படி வந்த ரா கோப்பில் எதுவும் கிளிப் ஆகவில்லை, அதாவது விவரமே இல்லாமல் வெளுத்துப்போகவில்லை என்றால் அது நமக்கு லாபம்தான், கணினியில் இறக்கிக்கொள்ளலாம். ஏற்றுவதைவிட இறக்குவது எப்போதும் சுத்தம்.

ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) குறைத்து வைத்து எடுத்து, பிறகு கணினியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. அது கேமராவைப் பொறுத்தது. பல புதிய சென்சார்களில் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2014-இல் வந்த கேனான் 7டி மார்க் 2 போன்ற பழைய கேமராக்களில் இப்படிச் செய்தால் நிழலில் நாய்ஸ் கூடும், சிலவற்றில் கோடு கோடாகப் பட்டையும் விழும். அவற்றில் ஐஎஸ்ஓவைக் கேமராவிலேயே ஏற்றிவிடுவது நல்லது. சோனி ஏ7 3 போன்றவற்றில் ஐஎஸ்ஓ 640-இல் சென்சாரின் இரண்டாவது கெயின் (சிக்னலைப் பெருக்கும் நிலை) தொடங்குகிறது; அதனால் 500-ஐவிட 640-இல் நிழல் சுத்தமாக வரும். உங்கள் கேமராவுக்கு அந்த எண் எது என்று ஒருமுறை தேடித் தெரிந்துகொள்ளுங்கள்.

கேமரா மெனுவிலும் இரண்டு மூன்று பொறிகள் இருக்கின்றன. நிக்கானின் ஆக்டிவ் டி-லைட்டிங் ஹைலைட்டை (வெளிச்சமான பகுதிகளை) காப்பாற்ற எக்ஸ்போஷரைக் குறைத்துவிட்டு, தன் ஜேபெக்கில் மட்டும் நிழலை ஏற்றிக் காட்டும். லைட்ரூம் அதைக் கண்டுகொள்ளாது. ரா கோப்பு இருட்டாகத்தான் திறக்கும். கேனானின் ஹைலைட் டோன் பிரியாரிட்டியும் ஏறக்குறைய அதே ரகம். இரண்டையும் அணைத்து வையுங்கள். கேனான் ஆர்5, ஆர்6 ஆகியவற்றில் எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறினால் ரா 14 பிட்டிலிருந்து 12 பிட்டுக்கு இறங்கும். பறந்துகொண்டிருக்கும் பறவைக்கு அந்த வேகம் தேவைப்படலாம். கிளையில் அசையாமல் இருக்கும் குயிலுக்கு மெக்கானிக்கல் ஷட்டரே போதும்.

படி 1: திறந்ததும் செய்ய வேண்டியவை

ரா கோப்பு எந்த நிறத்திலும் கான்ட்ராஸ்டிலும் திறக்கும் என்பதைத் தீர்மானிக்கும் புரொஃபைலை அடோபி கலரிலிருந்து அடோபி நியூட்ரலுக்கு மாற்றுங்கள். கான்ட்ராஸ்ட் குறைந்து படம் சப்பென்று தெரியும், பரவாயில்லை. நிழலில் உண்மையில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். பல படங்களில் இந்த ஒரு மாற்றமே ஷேடோஸ் ஸ்லைடரின் பாதி வேலையைச் செய்துவிடும்.

பிறகு ஜே விசையை அழுத்திக் கிளிப்பிங் எச்சரிக்கையைப் போடுங்கள். பறவைமேல் நீலம் படிந்த இடங்கள் முழுக் கறுப்பாகிவிட்டவை. எக்ஸ்போஷரைத் தற்காலிகமாக +3 வரை ஏற்றிப் பாருங்கள். நீலம் மறைந்து இறகின் கோடுகள் தெரிந்தால் மீட்க வழி உண்டு. வெறும் மணல்போல் புள்ளிகள் மட்டும் வந்தால் அந்த இடத்தைக் கறுப்பாகவே விட்டுவிட முடிவுசெய்துவிட்டு, ஸ்லைடரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்தச் சோதனைக்குச் சில விநாடிகள் போதும். தேறாத படத்தில் அரை மணி நேரம் வீணாவது மிச்சம்.

படி 2: நாய்ஸை முதலில் கவனியுங்கள்

2023 ஏப்ரலில் லைட்ரூமுக்கு வந்த டினாய்ஸ் வசதி ரா கோப்புகளுக்கானது. மாஸ்க் (படத்தில் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து திருத்துவது) போடுவதற்கு முன்பே இதை ஓட்டிவிடுங்கள். நிழலை ஏற்றிவிட்டுப் பிறகு ஓட்டினாலும் வேலை செய்யும். ஆனால் எவ்வளவு ஏற்றலாம் என்ற முடிவை நாய்ஸைப் பார்த்துப் பயந்தே எடுத்திருப்பீர்கள்.

அளவு தானாக 50-இல் நிற்கும். இறகுக்கு 30 முதல் 40 போதும். அதற்கு மேல் போனால் இறகின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி மெழுகுபோல ஆகிவிடும். இன்னும் மோசம், இல்லாத இழையை மென்பொருள் தானே வரைந்துவிடும். குயிலின் முதுகில் 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டே அளவை முடிவுசெய்யுங்கள். டிஎக்ஸ்ஓ பியூர்ரா வைத்திருப்பவர்கள் அதில் ஓட்டிவிட்டு லைட்ரூமுக்குக் கொண்டுவரலாம். நிழலில் அதன் கைவரிசை நன்றாகவே இருக்கிறது.

படி 3: மொத்தப் படத்தையும் மிதமாக

முதலில் தொட வேண்டியது ஷேடோஸ் அல்ல, எக்ஸ்போஷர். படம் மொத்தமாக இருட்டாக இருந்தால் +0.5 முதல் +1 வரை கொடுங்கள். வானம் பொங்கினால் ஹைலைட்ஸை −40 அளவில் இறக்குங்கள். பிறகு ஷேடோஸ், +20 முதல் +35 வரை. அதோடு நிறுத்துங்கள்.

ஏன் நிறுத்தச் சொல்கிறேன் என்றால், லைட்ரூமின் ஷேடோஸ் ஸ்லைடர் சுற்றுப்புறத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றும் வகை. கறுப்பு உடலும் வெள்ளை வானமும் சந்திக்கும் ஓரத்தில் அது தடுமாறும். அங்கேதான் அந்த வெள்ளை விளிம்பு பிறக்கிறது. ஷேடோஸ் +100, ஹைலைட்ஸ் −100 என்ற கூட்டணி அந்த விளிம்பை இன்னும் தடிமனாக்கும். இணையத்தில் கிடைக்கும் பிரீசெட்டுகளில் (முன்பே அமைத்துவைத்த ஸ்லைடர் அளவுகள்) பாதி இந்தக் கூட்டணியில்தான் ஓடுகின்றன. பறவைப் படத்துக்கு அவை உதவாது.

அடுத்து, ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு பிளாக்ஸ் ஸ்லைடரை இடதுபக்கம் நகர்த்துங்கள். திரை வெள்ளையாகி, முழுக் கறுப்பாகும் இடங்கள் மட்டும் தெரியும். சிறகு மடிப்பிலும் வால் அடியிலும் ஓரிரு புள்ளிகள் தோன்றும் இடத்தில் விடுங்கள். சாம்பல் பூச்சு விலகுவது இங்கேதான். நிழலை ஏற்றுபவர்கள் அதிகம் மறப்பதும் இந்தப் படியைத்தான்.

படி 4: பறவைக்கு மட்டும்

மாஸ்கிங் பகுதியில் செலக்ட் சப்ஜெக்ட் கொடுங்கள். ஓ விசையை அழுத்தினால் தேர்வான இடம் சிவப்பாகத் தெரியும். கரிச்சானின் பிளந்த வால்நுனியை இது அடிக்கடி விட்டுவிடும். மின்கம்பியில் ஒரு துண்டைச் சேர்த்துக்கொள்ளும். துடுப்புவால் கரிச்சான் என்றால் துடுப்பு தனியாகத் தேர்வாகி, அதைத் தாங்கும் மெல்லிய தண்டு விடுபட்டுப்போகும். சிறிய பிரஷ் எடுத்துச் சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, கழிக்க வேண்டியதைக் கழியுங்கள். கால்களையும் மறக்க வேண்டாம்.

இப்போது அந்த மாஸ்கின் மூன்றுபுள்ளி மெனுவில் இன்டர்செக்ட் என்பதைத் தேர்ந்து, வெளிச்ச அளவை வைத்துத் தேர்வு செய்யும் லூமினன்ஸ் ரேஞ்சைச் சேருங்கள். 0 முதல் 35 வரை முழுமையாகவும், அங்கிருந்து 55 வரை படிப்படியாகத் தேய்ந்தும் போகட்டும். பறவையின் இருண்ட பகுதி மட்டும் இப்போது மாஸ்கில் இருக்கிறது. கரிச்சானின் வாயோரத்தில் இருக்கும் சிறு வெள்ளைப் புள்ளி, அலகின் மினுக்கம், கண்ணில் விழுந்த ஒளி ஆகியவை வெளியே நின்றுவிடும். இவை ஏறாமல் இருந்தால்தான் பக்கத்தில் உள்ள கறுப்பு கறுப்பாகத் தெரியும். இனம் காண்பவர்களுக்கும் அந்த வெள்ளைப் புள்ளி முக்கியம். அது வெளுத்துக் கரைந்துவிடக் கூடாது.

மாஸ்கில் எக்ஸ்போஷரை +0.4 முதல் +0.9 வரை ஏற்றுங்கள். ஷேடோஸை இங்கே தொடுவதே இல்லை, அல்லது +10. மீதி வேலை மாஸ்குக்குள்ளேயே இருக்கும் கர்வுக்கு, அதாவது வெளிச்சத்தை மாற்றும் வளைகோட்டுக்கு. கர்வின் இடது கீழ்மூலையை அசைக்காமல் விடுங்கள். கிடைமட்டத்தில் 20 சதவீதம் வரும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து மெல்ல மேலே தள்ளுங்கள். 50 சதவீதத்தில் இன்னொரு புள்ளி வைத்துப் பழைய கோட்டுக்கே இறக்கிக் கொண்டுவாருங்கள்.

இதன் பலன் என்ன? மூலைக்கும் 20 சதவீதப் புள்ளிக்கும் நடுவில் கர்வ் செங்குத்தாகிறது. செங்குத்தான இடத்தில் கான்ட்ராஸ்ட் கூடும். அதாவது ஓர் இறகுக்கும் அடுத்த இறகுக்கும் உள்ள சிறு வித்தியாசம் பெரிதாகிறது. ஆகக் கறுப்பான இடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஷேடோஸ் ஸ்லைடரை வலுவாக இழுத்தால் அடிமட்டமும் சேர்ந்து ஏறி எல்லாம் தட்டையாகிவிடும். ஒரே பறவையை இரண்டு விதமாகவும் செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் சட்டென்று தெரியும்.

எங்கே நிறுத்துவது? ஹிஸ்டோகிராமுக்கு (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) கீழே கர்சர் இருக்கும் இடத்தின் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) சதவீதம் தெரியும். ஒளி படும் முதுகு 15 முதல் 25 வரை, சிறகு மடிப்பின் ஆழம் 2 முதல் 4 வரை இருந்தால் எனக்குத் திருப்தி. மடிப்பு 8-ஐத் தாண்டினால் பறவை சாம்பலாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணில் நம்பிக்கை இல்லாதவர்கள் படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் கறுப்புப் பறவை என்று தோன்றினால் சரி.

டெக்ஸ்சரை +15 முதல் +25 வரை கொடுக்கலாம், இறகிழைகள் எழும். கிளாரிட்டியில் 10-ஐத் தாண்ட வேண்டாம். ஓர விளிம்பு திரும்ப வந்துவிடும். டீஹேஸை இந்த மாஸ்கில் தொடவே வேண்டாம்.

படி 5: நிறம்

நிழலை ஏற்றியதும் ஒளிந்திருந்த நிறச்சாயமும் சேர்ந்து ஏறும். வேப்பமரத்துக்குள் உட்கார்ந்திருக்கும் குயிலின்மேல் இலைகளில் பட்டுத் தெறித்த பச்சை படிந்திருக்கும். திறந்த வானத்துக்குக் கீழே நிழலில் இருக்கும் பறவைமேல் நீலம். மாஸ்கிலேயே டின்ட்டை மஜென்டா பக்கம் 5 முதல் 10 வரை, அல்லது டெம்பரேச்சரைச் சற்று மஞ்சள் பக்கம் நகர்த்தினால் சரியாகும். ஊதாச் சாயம் படம் முழுக்க நிழல்களில் இருந்தால், அது பெரும்பாலும் குறைந்த எக்ஸ்போஷரின் விளைவு. கேலிப்ரேஷன் பகுதியில் உள்ள ஷேடோஸ் டின்ட்டைப் பச்சைப் பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள்.

ஆனால் எல்லா நீலத்தையும் துடைத்துவிடாதீர்கள். கரிச்சானுக்கும் ஆண் குயிலுக்கும் இறகில் நிஜமாகவே நீலப் பளபளப்பு உண்டு. மெலனின் துகள்களும் கெரட்டினும் அடுக்கடுக்காக அமைந்து ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது. சாயமா பளபளப்பா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி: சாயம் உடல் முழுக்கச் சீராக இருக்கும், பளபளப்பு ஒளி படும் இறகுகளின் விளிம்பில் மட்டும் இருக்கும்.

ஊதாத் தேன்சிட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆண் பறவையின் அந்த மினுங்கும் ஊதா, ஒளி சரியான கோணத்தில் பட்டுக் கேமரா பக்கம் திரும்பினால்தான் வரும். அப்படித் திரும்பாத நொடியில் எடுத்த படத்தில் அந்த நிறமே பதிவாகவில்லை. நிழலை எவ்வளவு ஏற்றினாலும் கரிக்கட்டைதான் கிடைக்கும். சேச்சுரேஷனைக் கூட்டி நிறத்தை வரவழைக்க முயன்றால் நாய்ஸ்தான் நிறம் பெறும். அந்தப் பறவைக்குத் தீர்வு பர்ஸ்ட்டில் (தொடர்ச்சியாகப் பல படங்கள்) எடுத்து, தலை திரும்பிய சட்டத்தைத் தேர்ந்தெடுப்பதுதான்.

படி 6: கண்ணும் கூர்மையும்

ஆண் குயிலின் சிவப்புக் கண்ணுக்குத் தனி மாஸ்க், எக்ஸ்போஷர் +0.3. அதற்கு மேல் போனால் பொம்மைக் கண். கூர்மைப்படுத்தும்போது ஆல்ட் விசையோடு மாஸ்கிங் ஸ்லைடரை நகர்த்தி, வானமும் இறகின் ஆழமும் கறுப்பாகும்வரை கொண்டுபோங்கள். ஏற்றிய நிழலில் மிச்சமிருக்கும் நாய்ஸைக் கூர்மைப்படுத்தாமல் இருக்க இதுதான் வழி. ஓரத்தில் ஊதாக் கோடு தெரிந்தால் லென்ஸ் கரெக்‌ஷனில் டிஃப்ரிஞ்ச்.

வெள்ளையும் கறுப்பும் ஒரே சட்டத்தில்

வேடந்தாங்கலில் ஒரே மரத்தில் கொக்கும் நீர்க்காகமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இங்கே களத்தில் வெள்ளையைக் காப்பாற்றுங்கள், பேச்சே இல்லை. வெளுத்துப்போன கொக்கின் இறகைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. நீர்க்காகத்துக்காவது கொஞ்சம் வழி உண்டு. கணினியில் இரண்டுக்கும் தனித்தனி மாஸ்க் போடுங்கள். செலக்ட் சப்ஜெக்ட் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் என்பதால் ஆப்ஜெக்ட் தேர்வில் ஒவ்வொரு பறவையைச் சுற்றியும் தனியாக வளைத்துக்கொள்ளுங்கள். நீர்க்காகத்தை முழுதாக ஏற்றாமல், கொக்கின் ஒளிக்குப் பொருந்தும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். ஒரே வெயிலில் இருக்கும் இரண்டு பறவைகளில் ஒன்று மட்டும் ஸ்டுடியோ விளக்கில் இருப்பதுபோலத் தெரிந்தால் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். முதுகின் செதில்போன்ற இறகு வரிசை தெரிந்தாலே போதும்.

தலைக்கு மேலே பறக்கும் செம்பருந்தின் அடிச்சிறகு இன்னொரு விஷயம். அது கறுப்பு அல்ல, நிழலில் இருக்கும் பழுப்பு. இதற்கு எக்ஸ்போஷரைத் தாராளமாக ஏற்றலாம், பிளாக்ஸை அவ்வளவு இறக்க வேண்டாம். மணல்மீதோ தண்ணீர்மீதோ பறக்கும்போது கீழிருந்து வரும் தெறிப்பொளி பாதி வேலையைச் செய்துவிடும். அதனால் கடற்கரையிலும் ஏரிக்கரையிலும் எடுத்த படங்களில் தொட வேண்டியதே குறைவு.

டார்க்டேபிளில் செய்ய

இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிளில் இந்த வேலைக்கு டோன் ஈக்வலைசர் என்ற மாட்யூல் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் நிழல் விஷயத்தில் லைட்ரூமின் ஸ்லைடரைவிட இது எனக்குப் பிடித்தது. ஒளியை −8 முதல் 0 வரை ஒன்பது பட்டைகளாகப் பிரித்துத் தருகிறது. முதலில் எக்ஸ்போஷர் மாட்யூலில் மொத்த வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். டினாய்ஸ் புரொஃபைல்டு மாட்யூலைப் போடுங்கள். பிறகு டோன் ஈக்வலைசரின் மாஸ்கிங் தாவலில் உள்ள மந்திரக்கோல் பொத்தான்கள் இரண்டையும் அழுத்தினால் பட்டைகள் படத்துக்கேற்பப் பரவும். இப்போது கர்சரைப் பறவையின் சிறகின்மேல் வைத்து மவுஸின் சக்கரத்தை உருட்டினால் போதும், அந்த வெளிச்ச அளவில் இருக்கும் பகுதி ஏறும். ஆக இருண்ட இரண்டு பட்டைகளைத் தொடாமல் விடுங்கள். லைட்ரூமில் பிளாக்ஸை இறக்கிக் கறுப்பை நிலைநிறுத்துவதற்கு அதுவே சமம்.

எந்தப் படத்தை விட்டுவிடுவது

மூன்று ஸ்டாப்புக்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தால், அதுவும் ஐஎஸ்ஓ 3200-க்கு மேல் எடுத்ததாக இருந்தால், நான் முயல்வதில்லை. உருவம் அழகாக இருந்தால் எதிர்த் திசையில் போகலாம்: பிளாக்ஸை இறக்கி முழு நிழலுருவமாக்கிவிடலாம். பிளந்த வாலோடு கரிச்சான் அதற்கென்றே படைத்த உருவம். அரைகுறையாக இறகு தெரியும் படத்தைவிடச் சுத்தமான நிழலுருவம் நூறு மடங்கு மேல்.

போட்டிக்கு அனுப்ப நினைப்பவர்கள் மூல ரா கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். பெரிய வனவிலங்குப் புகைப்படப் போட்டிகள் இறுதிச் சுற்றில் அதைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கும்.

ஏற்றுமதிக்கு முன்

திரையின் வெளிச்சம் முழுசாக இருந்தால் நிழல் இருப்பதைவிட நன்றாகத் தெரியும். அதை நம்பிக் குறைவாக ஏற்றிவிடுவோம், அச்சுக்குப் போனால் கறுப்புக் கட்டியாக வரும். திரையைச் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா அளவில் வைத்து, அறையில் ஒரு மிதமான விளக்கோடு வேலை செய்யுங்கள். இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி நிறவெளி, ஜேபெக் தரம் 85-க்குக் குறையாமல். தரத்தைக் குறைத்தால் முதலில் அடிபடுவது நீங்கள் பாடுபட்டு மீட்ட அந்த நிழல்தான். ஏற்றுமதி செய்த கோப்பைக் கைபேசிக்கு அனுப்பி, அதன் வெளிச்சத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். கண் தெரியவில்லை என்றால் மாஸ்கின் எக்ஸ்போஷரில் இன்னும் 0.15 சேர்த்து மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள்.